பன்னிரண்டு காம்பராவுக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி

காத்தாயி அக்காவைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வேன். அவரை ஏமாற்றியவர்களில் நானும் ஒருவன். என் பெயர் இத்ரூஸ். 2006இல் மாத்தளை டவுனில் சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றில் களப்பணியாளனாக இருந்தேன். தமிழும் சிங்களமும் பேசுவேன், மலை ஏறுவேன், மேலிடம் சொன்னதை மறுத்துப் பேச மாட்டேன். அந்தக் கடைசித் தகுதிக்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளருக்கான ஒற்றை அறை வீடுகள், பன்னிரண்டு காம்பரா, ஒரே வரிசையாக ஒட்டிய ஒரு லயத்தில் எட்டாவது காம்பரா காத்தாயி அக்காவுடையது. உடையது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் பிறந்தது அங்கே, பதினாலு வயதில் கொழுந்துக் கூடை மாட்டியது அங்கிருந்து, மரம் விழுந்து செத்த புருஷனைக் கிடத்தியதும் அங்கே. ஆனால் சுவரில் ஆணி அடிக்கக்கூட தோட்டத்து ஆபீசில் கேட்க வேண்டும். தோட்டத் தமிழரைத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் அண்ணன் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது, வர மாட்டேன் என்று நின்றுகொண்டவர் அவர். மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தான். யுத்தம், வழி நெடுக அடையாள அட்டை கேட்கிற காலம், வருவது அபூர்வம். மருமகள் ராசம்மா மாமியாரோடு இருந்தாள்.

லயத்துக்குத் தண்ணீர் இல்லை. ஊற்றுத் தண்ணீர் குழாயில் கொட்டுகிற பீலி கீழே பள்ளத்தில் இருந்தது. மண்ணில் வெட்டிய நூற்று எழுபது படி. முந்தின மாரியில் குடத்தோடு அந்தப் படியில் வழுக்கி விழுந்த ராசம்மாவுக்கு வயிற்றுப் பிள்ளை கலைந்துபோனது. ஆபீசில் சொன்னார்கள், பார்ப்போம் என்றார்கள். பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் நான் போட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ‘பசுமை லயம்’ என்று பெயர். குப்பையைப் பிரித்துப் போட வேண்டும், சொப்பிங் பேக்கை எரிக்கவோ சாக்கடைக் கானில் எறியவோ கூடாது, சமையல் கழிவைக் குழியில் போட்டுக் கூட்டெரு ஆக்க வேண்டும், காட்டில் பச்சை மரம் வெட்டக் கூடாது. ஒரு வருடம் புள்ளி போடுவோம். முதலாவது வரும் லயத்துக்கு இரண்டாயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கி, மேல் ஊற்றிலிருந்து குழாயோடு.

"நெசமாவா தம்பி?" என்று காத்தாயி அக்கா கேட்டார்.

"நான் பொறுப்பு அக்கா" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

படிவத்தில் இடத்துச் சொந்தக்காரரின் கையொப்பம் என்று ஒரு கோடு இருந்தது. "அது சும்மா ஒரு முறைக்கு. தொரைக்கிட்ட வாங்கிட்டு வாங்க" என்றேன். பன்னிரண்டு காம்பராப் பெண்களும் ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலை கட்டி, வெற்றிலை பாக்குத் தட்டோடு தோட்டத்து மேனேஜர் துரையின் பங்களாவுக்குப் போனார்கள். கல்யாண லீவுக்கும் துரை கையெழுத்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும் துரை கையெழுத்து, கடிதம் வந்தாலும் ஆபீஸ் வழியாகத்தான். துரை கையெழுத்துப் போட்டால் காரியம் பலித்தது என்றே அவர்கள் பழகியிருந்தார்கள். "தொரையே வச்சிட்டாருல்ல, இனி என்னா!" என்று சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்த ஒரு வருடம் காத்தாயி அக்கா லயத்தையே ஆட்டிப்படைத்தார். கானில் பேக் கிடந்தால் எடுத்து, போட்டவன் வாசலில் கட்டித் தொங்கவிடுவார். விறகுக்குக் கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி, அந்த மிலாறைத் தவிர வேறெதையும் தொட விடவில்லை. ராசம்மா மறுபடி முழுகாமல் இருந்தாள். பிள்ளை பிறக்கும் முன்னே லய வாசலில் பைப் வர வேண்டும், அவருக்கு அது ஒன்றுதான் குறி.

நடுவில் ஒரு விடியற்காலை இராணுவச் சுற்றிவளைப்பு வந்தது. தமிழ் லயம், பின்னால் புதிதாக மண் மூடிய பன்னிரண்டு குழி. ஆயுதம் புதைத்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வரக் கேட்க வேண்டுமா? எல்லாரையும் வெளியே நிறுத்தினார்கள். காத்தாயி அக்கா மண்வெட்டியை எடுத்து, பன்னிரண்டையும் தானே தோண்டிக் காட்டினார். அழுகின நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவர்கள் போய்விட்டார்கள். அவர் திரும்ப ஒவ்வொன்றாக மூடிவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபோது, பிந்தி வந்ததற்கு அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான் போட்டார்கள்.

புள்ளி போட கண்டியிலிருந்து ஒரு நடுவர் வந்தார். தண்ணீரை வீணாக்குகிறார்களா என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன்.

"நூத்தி எழுவது படி சொமந்து வந்த தண்ணிய எவ தம்பி வீணாக்குவா? அந்த ஐயாகிட்ட ஒரு கொடத்தக் குடுங்க, ஒருவாட்டி தூக்கிட்டு வந்துட்டு அப்பறம் கேக்கட்டும்."

வீணாக்குவதில்லையாம் என்று மொழிபெயர்த்தேன். நடுவர் முழுப்புள்ளி போட்டார்.

லயம் முதலாவது வந்தது. விழா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். துரைக்கு மாலை, கேடயம், கைதட்டல். சூழலைக் காப்பதில் தோட்ட நிர்வாகம் காட்டிய அக்கறையை ஒருவர் அரைமணி நேரம் புகழ்ந்தார். லயத்து ஆட்களுக்கு ஆறுதல் பரிசு என்று காம்பராவுக்கு ஒரு பிளாஸ்டிக் பேசின், ஒவ்வொன்றும் பொலித்தீன் உறையில் சுற்றி. பெயர் கூப்பிட்டது நான். காத்தாயி அக்கா மேடையிலேயே உறையைக் கழற்றி, நாலாக மடித்து, பிரதம விருந்தினரிடம் நீட்டினார். "ஐயா, இத நா எங்க போடணும்?" கூட்டம் சிரித்தது. விருந்தினரும் சிரித்தார். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

கீழே இறங்கியதும் கேட்டார்: "தாங்கி எங்க தம்பி?"

அன்றைக்குத்தான் நிபந்தனைத் தாளை ஒழுங்காகப் படித்தேன். பரிசுப் பொருள், இடத்தின் சட்டபூர்வ உரிமையாளரிடம் ஒப்படைக்கப்படும். கையெழுத்து வைத்தவரிடம் ஒப்படைத்தாகிவிட்டது. வெளிநாட்டுப் பயணிகள் வந்து தங்குகிற விருந்தினர் பங்களாவின் பின்பக்கம், கருநீலத் தாங்கி ஏற்கனவே ஏறி உட்கார்ந்திருந்தது. இதைத் திருட்டு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? ஒரு வருட உழைப்பை ஒரு கோட்டில் வழித்து எடுத்தார்கள், அந்தக் கோட்டைக் காட்டிக் கொடுத்தவன் நான்.

அடுத்த நாள் காலை பன்னிரண்டு பெண்களும் குடத்தோடு விருந்தினர் பங்களாவுக்குப் போனார்கள். காவல்காரர் முத்துவீரன் தடுத்தார்.

"எங்க பரிசுல நாங்க தண்ணி எடுக்குறோம். நீங்க ஒதுங்குங்கண்ணே" என்றார் காத்தாயி அக்கா. முத்துவீரனும் லயத்து ஆள்தான், ஒதுங்கிவிட்டார். மூன்று நாள் எடுத்தார்கள். நாலாம் நாள் பைப்புக்கு இரும்புக் கூடு போட்டுப் பூட்டியிருந்தது. மறுபடி வந்தால் பொலிஸ் என்று ஆபீசிலிருந்து ஆள் வந்து சொல்லிப் போனார்.

நிறுவனத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு வேலை கொடுத்தார்கள்: பெண்களுக்கு நிபந்தனையைப் பக்குவமாக விளக்க வேண்டும், அடுத்த வருடப் போட்டிக்கு அதே லயத்தில் படிவம் நிரப்ப வேண்டும். மாதிரி லயமாம், கைவிடக் கூடாதாம். படிவக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். நல்ல மழை. காத்தாயி அக்கா பீலியிலிருந்து குடத்தோடு ஏறி வந்துகொண்டிருந்தார். வாசலில் நின்று, சட்டபூர்வ உரிமையாளர் என்றால் என்ன என்று தொடங்கினேன். அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார்.

"பேசி முடிச்சிட்டீங்களா?"

"ம்."

"ராசம்மா நேத்துதான் மாத்தள ஆஸ்பத்திரியிலேருந்து பிள்ளையோட வந்தா. பொம்பளப் பிள்ள. பெத்த ஒடம்புக்குச் சுடுதண்ணி ஊத்தணும், பிள்ளையக் கழுவணும். இன்னும் நாலு கொடம் வேணும். அதத் தூக்குங்க."

தூக்கினேன். முதல் தடவையே பாதித் தண்ணீர் என் சட்டையில். இரண்டாம் தடவை நடுப்படியில் முட்டி இடித்தது. எட்டு மாதம் வரை ராசம்மா இதில்தான் ஏறி இறங்கினாள் என்று நினைத்தபோது, மேடையில் அரைமணி நேரம் பேசியவனைக் கழுத்தைப் பிடித்து இங்கே இழுத்து வர வேண்டும் போல வெறி வந்தது. அப்புறம், அவனுக்கு மைக்கைச் சரிசெய்து கொடுத்தவனே நான்தான் என்பது ஞாபகம் வந்தது.

மேலே வந்தபோது அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. மிலாறு எல்லாம் நனைந்துபோய்ப் பற்றவில்லை. ராசம்மா உள்ளே பிள்ளையை மடியில் போட்டுக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். பையைத் திறந்து படிவக் கட்டை எடுத்து அடுப்பில் வைத்தேன். தடித்த காகிதம், நன்றாகப் பிடித்தது. மிலாறும் பற்றிக்கொண்டது.

 காத்தாயி அக்கா கொப்பரையை அடுப்பில் ஏற்றிவிட்டு, வெறுங்குடத்தை என் கையில் கொடுத்தார்.

"இன்னும் ரெண்டு. பாத்து வைங்க காலை, அந்த எடத்துலதான் அவ விழுந்தா."