படிக்காமல் போட்ட கையெழுத்து

தெலுங்கு எனக்குப் பேச வரும், படிக்க வராது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரியில் தமிழ் மீடியத்தில் படித்து, திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தவள் நான். வார்டில் எழுதுவதெல்லாம் இங்கிலீஷ். பத்து வருஷம் அந்தக் குறை தெரியாமலே ஓடிவிட்டது.

போன வருஷம் வீடு வாங்கலாம் என்று ஒரு புரோக்கரிடம் போனேன். வீட்டைக் காட்டுவதற்கு முன்னாலேயே இரண்டு பக்கத் தெலுங்குக் காகிதத்தை நீட்டினார்.

“சந்தகம் பெட்டண்டி மேடம், ஒரு கையெழுத்து. சும்மா ஃபார்மாலிட்டி. ஓனர் காத்துக்கினு இருக்காரு.”

படிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கம். கையெழுத்துப் போட்டேன். ஆதார் நகலையும் கொடுத்தேன். எனக்கென்று ஒரு பிரதி கேட்கக்கூடத் தோன்றவில்லை.

வீட்டைப் பார்த்தேன் என்றுதான் பெயர். அந்தச் சமையலறையில் நிற்கும்போதும் நினைப்பெல்லாம் அந்தக் காகிதத்தில்தான். வந்து சொன்னதும் என் கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“இன்னா எழுதியிருக்குன்னு தெரியாமலா போட்ட?”

அதன்பிறகு நான்கு நாள் தெரியாத நம்பரிலிருந்து வந்த எந்த போனையும் எடுக்கவில்லை. என் பெயரில் எங்காவது கடன் வாங்கிவிட்டால்? வார்டில் ஊசி மருந்தின் பெயரை மூன்று தடவை பார்த்தும் திருப்தி வரவில்லை. என் கண்ணையே நான் நம்பவில்லை.

கூட வேலை செய்யும் சித்தூர் அக்காவிடம் ஐந்தாம் நாள் சொல்லி அழுதேன். டியூட்டி முடிந்ததும் அவர் என்னை நேராகப் புரோக்கர் ஆபீஸுக்கே கூட்டிப்போய், காகிதத்தை வாங்கி வாய்விட்டுப் படித்தார். ஒரு வருஷத்துக்குத் திருப்பதியில் நான் யார் மூலமாக எந்த வீடு வாங்கினாலும் இவருக்குக் கமிஷன் தரவேண்டுமாம். எவ்வளவு என்ற இடம் காலியாக இருந்தது. பிறகு அவர் எந்தத் தொகையையும் எழுதிக்கொள்ளலாம்.

“எல்லாரும் போடறதுதான் மேடம்,” என்று சிரித்தார் புரோக்கர்.

“படிக்க வராதுன்னு சொல்லாதது என் தப்பு. காலி இடம் வுட்டு கையெழுத்து வாங்கினது உங்க தப்பு. மாத்தித் தர்ற வரைக்கும் இங்கியே உக்காந்துகினு இருப்பேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நாற்காலியை விட்டு நான் எழவில்லை. வீடு பார்க்க வேறு ஒரு குடும்பம் உள்ளே வந்த பிறகுதான் அவர் இறங்கிவந்தார். ‘காட்டிய அந்த ஒரு வீட்டுக்கு மட்டும்’ என்று திருத்தி எழுதி, பிரதியும் கொடுத்தார்.

அந்த வீட்டை நாங்கள் வாங்கவில்லை. சில மாதம் கழித்து வேறொன்றை வாங்கினோம். பத்திரம் பதிந்த அன்று, ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பைக்கை நிறுத்திய ஒவ்வொரு ஆளும் எனக்குக் கமிஷன் கேட்டு வந்த அந்தப் புரோக்கராகவே தெரிந்தார். அவர் வரவில்லை. ஆனாலும் கைரேகை வைக்கும்போது என் விரலெல்லாம் வியர்வை. இயந்திரம் மூன்று தடவை ஏற்கவில்லை.