ஐந்தாவது சொல்லில் ஏறிய பியட்

கினாசி பழைய கார் ஒன்றைத் தேடுகிறாள் என்ற செய்தி எங்கள் சுகாதார நிலையத்தில் பரவியதும், மருந்து கொடுக்கும் பெண் கேட்டாள்: "எதுக்கு இபு, எங்க பிரசவ வலி வந்தாலும் ஓடறதுக்கா?"

"இல்லடி. வலி எனக்கே வந்திருக்கு" என்றாள் கினாசி.

அவள் முந்திலான் வட்டாரத்தின் மருத்துவச்சி; ஊருக்கே இபு, அதாவது அம்மா. அரை ஊரை உலகத்துக்கு இழுத்துப் போட்ட கைகள் அவளுடையவை. மகள்கள் இருவரும் வேலைக்காகத் தீவைத் தாண்டிப் போய்விட்டார்கள். வீட்டில் அவளும், பள்ளியில் எழுத்தராக இருக்கும் கணவர் பர்ஜோனோவும், யாரும் கேட்காத ஒரு வானொலியும். "மத்த பொம்பளைங்க ஆர்க்கிட் வளர்க்கறாங்க" என்று பர்ஜோனோ முனகினார். "ஆர்க்கிடுக்கு கியர் இல்லையே மாஸ்" என்றாள் அவள். மாஸ் என்றுதான் கணவரைக் கூப்பிடுவாள்.

செத்துப்போன ஒரு வண்டியைத் தன் கையால் எழுப்பி ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஆனால் எந்த வண்டி என்பதில் அவளைத் திருப்திப்படுத்த முடியவில்லை. ஞாயிறுதோறும் நானும் அவளோடு அலைந்தேன். ஊரெல்லாம் கொண்டாடும் தவளை வோக்ஸ்வேகனைப் பார்த்து, "தெருவுக்கு நாலு நிக்குது. சோத்துக்குத் தொட்டுக்கச் சோறா?" என்று ஒதுக்கினாள். பர்ஜோனோ ஒரு ஜீப்பைக் கண்டு கண் கலங்கினார். "யார் மேல மாஸ் படையெடுக்கப் போறோம்?" என்று அவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். போகிற இடத்திலெல்லாம், கர்ப்பிணி வயிற்றில் வைத்துக் கேட்கும் மரக்குழலை எஞ்ஜின் மேல் வைத்துக் காதைக் கொடுப்பாள். விற்க வந்தவர்கள் பயந்துபோய் விலையைக் குறைத்தார்கள்.

கடைசியில் சும்பிங் மலைச்சரிவில், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில், சுகொண்டோ என்ற புகையிலை விவசாயியின் கோழிக் கொட்டகையில் அதைக் கண்டாள். பியட் ஆயிரத்து நூறு ரகம். ஒரு காலத்தில் வெளிர் பச்சை. முன்விளக்குகள் இரண்டும், தூங்கி எழுந்த குழந்தை மாதிரி உலகத்தைச் சந்தேகமாகப் பார்த்தன. கினாசி கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். பின்னிருக்கையில் முட்டையிட இடம்பிடித்திருந்த கோழி அவளை முறைத்தது. அவள் இறங்கி வந்து, எஞ்ஜினில் குழலை வைத்துக் கேட்டாள்.

"என்ன கேக்குது?" என்றேன்.

"கோழி" என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் தேடல் முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

முடியவில்லை. சுகொண்டோவுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. "அப்பா வாங்கின வண்டி இபு. ஜாதகம் ஒத்துப்போறவங்களுக்குத்தான் குடுப்பேன். செமாராங்லேருந்து ரெண்டு பேரு வந்தாங்க, ஒத்துவரல, திருப்பி அனுப்பிட்டேன்."

பெண்ணுக்கும் பையனுக்கும் பார்ப்பது போதாதென்று எங்கள் ஆட்கள் வீட்டுக்கும் கடைக்கும் வண்டிக்கும் பொருத்தம் பார்ப்பார்கள். பிறந்த கிழமைக்கு ஓர் எண், ஐந்து நாளைக்கொருமுறை சுற்றிவரும் சந்தை நாள்களில் எதில் பிறந்தாரோ அதற்கு ஓர் எண், வண்டியின் எண் தகட்டில் இருப்பதன் கூட்டுத்தொகை. எல்லாவற்றையும் கூட்டி, செழிப்பு, பதவி, மாளிகை, நோய், சாவு என்று விரல்விட்டுச் சுற்றிச் சுற்றி எண்ண வேண்டும். கடைசி விரல் எந்தச் சொல்லில் நிற்கிறதோ அதுதான் விதி. ராக்கெட் விடும் காலத்தில் ஒரு நாட்டின் மூளை ஐந்து விரலுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அடுத்த ஞாயிறு, கணக்குப் பார்க்க டார்சோ வந்தார். பழைய கார்ப் பிரியர்களின் குழுவுக்குத் தலைவர். எல்லோருக்கும் பாக்டே, அதாவது பெரியப்பா. தொப்பியைச் சரிசெய்துகொண்டு கோழிக் கொட்டகை முன்னால் உட்கார்ந்தார்.

"இபு, பொறந்த நாளு?"

"செவ்வாய். சந்தை நாள் போன்."

"ரெண்டும் சேந்து பத்து. வண்டித் தகடு கூட்டினா பதினஞ்சு. ஆக இருபத்தஞ்சு." விரல்கள் ஓடின. செழிப்பு, பதவி, மாளிகை, நோய்... சுண்டுவிரலில் வந்து நின்றார். எல்லோரும் அந்த விரலையே பார்த்தோம். கோழிகூடத் தலையை நீட்டியது.

"சாவு" என்றார் பர்ஜோனோ, மெல்லிய குரலில். அதில் பயமும் இருந்தது, ஜீப்புக்கு இன்னும் வழி இருக்கிறது என்ற நிம்மதியும் இருந்தது.

சுகொண்டோ கையைப் பிசைந்தார். "மன்னிச்சுக்குங்க இபு."

டார்சோ தோற்றுப்போகிற ஆள் இல்லை. குனிந்து கிசுகிசுத்தார். "இபு, செவ்வா சாயங்காலமா பொறந்தீங்க?"

"ஆமா. முரசு அடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடின்னு அம்மா சொல்லுவா."

டார்சோவின் முகம் மலர்ந்தது. எங்கள் கணக்கில் நாள் நள்ளிரவில் மாறுவதில்லை. பொழுது சாய்ந்து பள்ளிவாசல் முரசு ஒலித்தால் அடுத்த நாள் தொடங்கிவிடும். "கொஞ்சம் முன்னாடி என்ன, கொஞ்சம் பின்னாடி என்ன? முரசுக்கு அப்புறம்னு சொல்லுங்க. புதன் ஆயிடும், சந்தை நாளும் மாறிடும். பதினொண்ணு. ஒரு விரல் தள்ளி விழும். செழிப்பு! ஊரே அப்படித்தான் பண்ணுது."

"தெரியும் பாக்டே" என்றாள் கினாசி. "என்கிட்டதானே வந்து கேக்கறாங்க. தொப்புள்கொடி வெட்டறதுக்குள்ள, 'இபு, நேரத்தக் கொஞ்சம் தள்ளி எழுதுங்க'ன்னு. இந்த ஊர்ல பாதிப் பேரு, சூரியன் மறையாம இருந்தா நல்லாருக்கும்னு பொறந்தவங்க. மீதிப் பாதி, சீக்கிரம் மறையட்டும்னு பொறந்தவங்க. ஒருத்தருக்கும் நான் தள்ளி எழுதினதில்ல. இப்ப எனக்கு மட்டும் எழுதிக்கவா?"

"ஒரு சின்னப் பொய் இபு. வண்டி கெடைக்குமே!"

நான் அவளைப் பார்த்தேன். அவள் பார்வை பியட்டின் மேல் இருந்தது. வேண்டும் என்று அவள் உடம்பு முழுக்கச் சொன்னது. ஒரு வார்த்தை போதும்.

"போன வருஷம் மேல் ஊர்ல ஒரு பொண்ணு" என்றாள். குரல் மாறியிருந்தது. "அவ மாமனாரோட தாத்தா செத்த கிழமையாம். அன்னிக்கு வாசல் தாண்டக் கூடாதாம். வலியோட பகல் பூரா உக்கார வெச்சிருந்தாங்க. முரசு அடிச்சப்புறம்தான் என்கிட்ட தூக்கிட்டு வந்தாங்க. புள்ள தங்கல. நாள் நல்ல நாள்தான், பாக்டே. புதன்கிழமை. இந்தக் கணக்குல செழிப்புன்னு வந்தாலும் எனக்கு வேண்டாம். சாவுன்னு வந்திருக்கு, சாவோடயே குடுங்க. இல்லன்னா கோழிக்கே இருக்கட்டும்."

சுகொண்டோ தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை.

அப்போது அவர் மனைவி சார்மி, தேநீரும் தட்டு நிறைய, மரவள்ளிக்கிழங்கை மசித்துச் செய்த கெதுக் பலகாரமும் கொண்டுவந்தாள். பேச்சு முழுவதையும் சமையலறையிலிருந்து கேட்டிருப்பாள் போலிருக்கிறது. வாய் ஓரத்தில் சிரிப்பு துடித்தது.

கினாசி சுகொண்டோவை ஐயா என்று மரியாதையாக விளித்துச் சட்டென்று கேட்டாள்: "பாக், உங்க ரெண்டு பேருக்கும் பொருத்தம் பாத்தப்ப எந்த விரல்ல நின்னுச்சு?"

சுகொண்டோ தேநீரை ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார்.

"சொல்லுங்களேன்!" என்றாள் சார்மி. "சொல்ல மாட்டாரு. சுண்டு விரல்! சாவு! எங்கப்பா, பொண்ணு தர மாட்டேன்னுட்டாரு. இவரு ஓடிப்போயி, 'நான் முரசுக்கு அப்புறம் பொறந்தவன்'னு புதுசாப் பொறந்து வந்தாரு. இவங்கம்மாவையே சத்தியம் பண்ண வெச்சாரு!"

"ஏய், சும்மா இரு."

"நாலு புள்ள, ஒம்போது பேரப்புள்ள. சாவு எங்க வந்துச்சு? குறட்டைதான் வந்துச்சு!"

டார்சோ கெதுக்கை விழுங்க முடியாமல் இருமினார். பர்ஜோனோ அவர் முதுகில் தட்டினார். தட்டிக்கொண்டே தானும் சிரிக்க ஆரம்பித்தார். சுகொண்டோவின் காது சிவந்தது, பிறகு முகம், பிறகு அவருக்கும் வயிறு குலுங்கியது.

"ஆனா இபு" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓட்டறப்ப நெசமாவே ஏதாவது ஆயிட்டா?"

"அந்தக் கேள்வி சரியான கேள்வி பாக். சாவு தகட்டுல இல்ல, பிரேக்குல இருக்கு. முதல்ல பிரிச்சுப் பாக்கப் போறது அதத்தான். அது சரியாகற வரைக்கும் வண்டி என் முற்றத்த விட்டு நகராது. கயித்தக் கட்டிக்கூட இழுக்க விட மாட்டேன்."

"எடுத்துக்கிட்டுப் போம்மா" என்றாள் சார்மி, கணவரைக் கேட்காமலே. சுகொண்டோ ஒரு கணம் மனைவியைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கினாசியின் கையில் வைத்தார்.

சொன்னபடியே கயிறு கட்டவில்லை. சந்தையிலிருந்து முட்டைக்கோஸ் லாரி ஒன்றைப் பிடித்து வந்தோம். பலகைகளைச் சாய்த்து வைத்து, பியட்டைப் பின்னாலிருந்து தள்ளினோம். சகதியில் கால் வழுக்கியது. வண்டி பாதி ஏறியது, நின்றது, யோசித்தது. பர்ஜோனோவின் செருப்பு ஒன்று காணாமல் போயிற்று. கோழி இறங்க மறுத்துப் பின்னிருக்கையில் இருந்தபடியே எங்களைத் திட்டியது.

"வண்டிப் பதிவு அலுவலகத்துல சொல்லித் தகட்டு எண்ணையாவது மாத்திடலாம் இபு" என்று டார்சோ மூச்சு வாங்கக் கெஞ்சினார். வண்டி பின்னால் நழுவவே, பேச்சை விட்டுவிட்டுத் தோளைக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் தள்ளியதைப் போல வேறு யாரும் தள்ளவில்லை.

கினாசி பம்பரைப் பிடித்துக்கொண்டு, தலைத்துணியின் நுனியால் தகட்டைத் துடைத்தாள். எண் பளிச்சென்று தெரிந்தது. "இதுவே இருக்கட்டும். பாக்டே, எல்லாரும் ஒரே நேரத்துல தள்ளணும். நீங்கதான் எண்ணத் தெரிஞ்சவரு. எண்ணுங்க!"

"எதை?"

"வேற எதை? உங்க அஞ்சு விரலத்தான்!"

பிரசவ அறையில் எத்தனையோ பேரைத் தள்ள வைத்த குரல் அது. மறுக்க யாராலும் முடியாது. டார்சோ கண்ணை இறுக்கிக்கொண்டு ஆரம்பித்தார்.

"செழிப்பு!" தள்ளினோம். "பதவி!" சக்கரம் முனகியது. "மாளிகை!" சார்மியும் ஓடிவந்து தோள் கொடுத்தாள். "நோய்!"

ஐந்தாவது சொல்லைச் சொல்ல டார்சோவுக்கு வாய் வரவில்லை. வண்டி பலகை நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சாவு!" என்று கத்தினார் பர்ஜோனோ, ஒற்றைச் செருப்புடன், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டத்தில் குரலை உயர்த்தி. "சாவு!" என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினோம், சிரித்துக்கொண்டே தள்ளினோம். பியட் ஒரு துள்ளலில் லாரிக்குள் போய் உட்கார்ந்தது.

பின்னிருக்கையிலிருந்து கோழி கொக்கரித்தது. கினாசி ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, சூடான ஒரு முட்டையை உயர்த்திக் காட்டினாள்.

"மணி பாத்து வெச்சுக்குங்க பாக்டே" என்றாள். "முரசுக்கு முன்னாடி."