ஸ்டெல்லாவின் வலது முழங்கை

மாவுக்கட்டைப் பிரித்த அன்றுதான் தெரிந்தது, என் மனைவி ஸ்டெல்லாவின் வலது முழங்கை மடங்கவில்லை என்று. சந்தையின் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து முறிந்த கை. தலைமுடியைத் தொட முயன்றாள். விரல்கள் நெஞ்சுக்கு மேல் ஏறவில்லை.

டாக்டர் வழிகளைச் சொன்னார். முதலில் பிசியோதெரபி (மூட்டைப் பழக்கும் பயிற்சி). போதாவிட்டால் ஸ்பிளிண்ட் (மூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிப் பிடிக்கும் பட்டை). அதற்கும் மசியாவிட்டால் அறுவை சிகிச்சை.

"மெதுவாத்தான் வரும். அவங்களேதான் மடக்கணும். வேற யாரும் அழுத்தக் கூடாது."

நான் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். மெதுவாக நடக்கும் எதையும் பொறுக்காதவன். சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் வாரக்கணக்காகச் சமையலும் துணியும் என் தலையில். அவள் சோம்பல்படுகிறாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எரிச்சலும் இருந்தது.

தினமும் வேலை முடிந்து வந்ததும் அவளை உட்காரவைத்து, மேல்கையை மேசையோடு அழுத்திக்கொண்டு, மணிக்கட்டைப் பிடித்து மடக்கினேன்.

"போதும்லா, உயிர் போகுது."

"வலிக்காம எப்படி சரியாகும்? பல்லக் கடிச்சுக்கோ."

கடித்துக்கொண்டாள். ஒருநாள் உள்ளே ஏதோ நெரிந்தது. வழிக்கு வருகிறது என்று மகிழ்ந்தேன். முழங்கை சூடேறி வீங்கியது. ஐஸ் வைத்துவிட்டு மறுநாளும் மடக்கினேன்.

சில வாரங்களில், மடங்கிய கொஞ்சமும் போயிற்று. எக்ஸ்ரேயில் மூட்டுக்கு முன்னால் மேகம் போல ஒரு வெள்ளைத் திட்டு. காயம்பட்ட சதைக்குள் புது எலும்பு வளர்ந்திருந்தது.

"யாராச்சும் பிடிச்சுப் பலமா மடக்குனாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நாந்தான் டாக்டர். அவசரப்பட்டுட்டேன்," என்றாள்.

டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

காரில் ஏறியதும், "ஏன் அப்படிச் சொன்ன?" என்றேன்.

"நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன். சொல்லல."

புது எலும்பு வளர்ந்து அடங்கப் பல மாதங்கள் காத்திருந்தோம். பிறகு அதை வெட்டி எடுத்து, இறுகிப்போன மூட்டு உறையையும் தளர்த்தினார்கள். இப்போது கை பாதிக்குமேல் மடங்குகிறது. வாய்வரை வருவதில்லை. முழங்கை வழியாக ஓடும் நரம்பு நசுங்கியதில் சுண்டுவிரல் மரத்தே இருக்கிறது. இனி இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கை இருக்கலாம். பொறுமை இல்லையென்றால் தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு பயிற்சி அறையில் ஒருநாள் பிசியோதெரபிஸ்ட் பெண், "அண்ணே, நீங்க அவங்க கைக்குக் கீழ சும்மா தாங்கிப் பிடிங்க," என்றார். என் உள்ளங்கை பட்டதும் ஸ்டெல்லாவின் உடம்பு நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தது. "சாரிங்க, தானா வருது," என்று என்னிடம் சொன்னாள். மறுபடி முயன்றோம். மறுபடியும் நகர்ந்தது.

இடது கையால் உண்ண அவளுக்கு மனமில்லை. வலது கை நின்றுவிடும் இடத்துக்கு வாயைக் கொண்டுவந்து, குனிந்து சாப்பிடுகிறாள். ஒரு தட்டுச் சோற்றுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. நான் எதிரே அமர்ந்திருக்கிறேன், என் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு. மேலே இருந்தால் அவள் சாப்பிடுவதில்லை.