சண்டை என்றால் இங்கிலீஷில்தான்

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது அக்கா இல்லாத முதல் வருடம் முடிந்திருக்கும். ஊரில் பலருக்கு அவர் பேங்க் மேனேஜர் அம்மா. அந்தப் பேர் வந்த கதையைத் தம்பியாகிய நான்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் கணவர், எங்கள் மாமா, கேட்டுக்கொண்டார். "நல்லதா மட்டும் எழுதாத மச்சான், நடந்தத எழுது" என்றார்.

அக்கா பிறந்தது வடலூரில். அப்பா லாரி ஓட்டினார். வீட்டில் இருந்ததைவிட ரோட்டில் இருந்ததுதான் அதிகம். அக்கா தமிழ்வழியில் படித்து, சிதம்பரத்தில் கணக்கில் டிகிரி முடித்தார். முடித்த கையோடு திருப்பாதிரிப்புலியூருக்கு வாழ்க்கைப்பட்டார். அங்கே மாமாவுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. மாமாவின் படிப்பு பிளஸ் டூ.

பேங்க் பரீட்சை அக்காவின் பிடிவாதம். கணக்கு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ்தான் ஒவ்வொரு முறையும் காலை வாரியது. வயது வரம்பு நெருங்கி, இனி ஒரே ஒரு வாய்ப்பு என்றானது. வீட்டில் இங்கிலீஷ் பேசிப் பழகுங்கள் என்று கோச்சிங் வகுப்பில் சொன்னார்கள். அக்காவும் மாமாவும் எதிரெதிரே உட்கார்ந்து பார்த்தார்கள். குட் மார்னிங்குக்கு மேல் பேச்சு நகரவில்லை. சண்டை போடும்போது மட்டும்தான் இருவரும் நிறுத்தாமல் பேசுகிறோம் என்று அக்கா கண்டுபிடித்தார். அன்றே சட்டம் போட்டுவிட்டார்: இனி இந்த வீட்டில் சண்டை என்றால் இங்கிலீஷில்தான்.

கிரீஸ் கையைத் துண்டில் துடைத்ததற்கு ஒரு நாள் சண்டை. "திஸ் டவல் ஈஸ் நாட் யுவர் ஷாப்!" என்றார் அக்கா. "ஷாப் கிவ்ஸ் ரைஸ்!" என்றார் மாமா. அடுத்து "ஒன் மினிட்" என்று சொல்லிவிட்டு, திட்டுவதற்குப் போனில் வார்த்தை தேடினார். வார்த்தை கிடைப்பதற்குள் கோபம் போய்விட்டது. மாமாவின் அம்மாவுக்குத்தான் பெரிய வருத்தம். "வெளங்குற மாதிரி போடுங்கடா, நானும் நடுவுல ரெண்டு வார்த்த சொல்லணும்ல" என்பார்.

எல்லாச் சண்டையும் சிரிப்பில் முடியவில்லை. ஹால் டிக்கெட் வந்த அன்றுதான் மாமாவுக்கு உறைத்தது, பாஸானால் எங்காவது வெளியூரில் போடுவார்கள் என்று. மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. பரீட்சைக்குப் போக வேண்டாம் என்று சொல்லத்தான் வாசலில் வந்து நின்றார். அக்காவும் விடுவதாக இல்லை, சட்டத்தையும் தளர்த்தவில்லை. வெகு நேரம் கழித்து மாமாவின் வாயில் வந்தது இவ்வளவுதான்: "கோ. பட் கம் சண்டே." வெளியூர் வேலைக்குப் போ, ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்துவிடு என்கிறார்.

பிற்பாடு என்னிடம் சொன்னார்: "தமிழ்னா அன்னைக்குச் சொல்லக் கூடாதத சொல்லியிருப்பேன் மச்சான். இங்கிலீஷ்ல அதுக்கெல்லாம் எனக்கு வார்த்த இல்ல, தப்பிச்சேன்."

அந்த முறை அக்கா தேறினார். தர்மபுரிப் பக்கம் வேலை. ஞாயிறு தவறாமல் வந்தார். மாமா கடையைச் சாத்திவிட்டு ஸ்டேஷனில் காத்திருப்பார். பல வருடம் கழித்து சிதம்பரத்துக்கே மேனேஜராக மாற்றல் கிடைத்தது. பேங்குக்கு வரும் யாரையும் நிற்க வைத்துப் பேசமாட்டார், உட்காரச் சொல்லித்தான் பேசுவார். இங்கிலீஷ் வராமல் திணறும் பிள்ளைகள் வந்தால், "வீட்ல யாரோட சண்ட போடுவ?" என்றுதான் முதலில் கேட்பார்.

புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் முடிந்தவரை வேலைக்குப் போனார். மருத்துவமனையில் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மாறி மாறித் துணைக்கு இருந்த பேங்க் தோழிகளுக்கும், பேத்தியைத் தாயாக இருந்து வளர்த்த மாமாவின் அம்மாவுக்கும், தோள் கொடுத்த தெருவாசிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. அக்கா இருந்திருந்தால் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து நன்றி சொல்லியிருப்பார்.

அக்காவின் இறுதிச் சடங்கு அன்று, தூக்கும் நேரம் வந்தபோது மாமா அக்காவின் முகத்தருகே குனிந்து ஏதோ சொன்னார். பிரார்த்தனை என்று நினைத்துச் சுற்றி நின்றவர்கள் கைகூப்பினார்கள். பக்கத்தில் நின்ற எனக்குக் காதில் விழுந்தது.

"கோ" என்றார். மீதியைச் சொல்ல வாயெடுத்தார், முடியவில்லை.