டாக்டரம்மாவின் பெயரில் ஐம்பத்தாறு மணி நேரம்

எங்கள் தொழிற்சாலையில் அவரை டாக்டரம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். படித்தது எட்டாவது வரைக்கும்தான். மின்விசிறி மோட்டார் கோக்கும் லைனில் கடைசி மேசை அவருடையது. கோத்து வருகிற மோட்டாரைக் கையில் எடுப்பார், நடுத்தண்டை ஒரே விரலால் சுற்றிவிடுவார், காதருகே கொண்டுபோவார். உள்ளே பேரிங் லேசாகக் கரகரத்தாலும் போதும், "இதுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்று ஒதுக்கி வைத்துவிடுவார். சோதனைக் கருவி சரி என்று சொன்ன மோட்டாரைக்கூட ஒதுக்கியிருக்கிறார். பிரித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

வலது கை ஆள்காட்டி விரலின் நகத்தை மட்டும் ஒட்ட வெட்டியிருப்பார். நகம் இருந்தால் தண்டின் நடுக்கம் விரலுக்குத் தெரியாதாம். தன் மேசையில் யாராவது கைப்பையையோ தண்ணீர் பாட்டிலையோ வைத்தால் தொலைந்தார்கள். "இது என்ன பஸ் ஸ்டாண்டா?" என்று ஆரம்பித்தால் அடுத்த மூன்று மேசைக்கும் கேட்கும். கோபம் வந்த வேகத்தில் போயும்விடும்.

அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதுவது நான் என்பதால் என் அசிங்கமும் கூடவே வரும். அதைத் தவிர்க்க வழி இருந்தால் கட்டாயம் தவிர்த்திருப்பேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

நானும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். எனக்கு 416, அவருக்கு 417. வயதில் நாலைந்து வருடம் மூத்தவர் என்பதால் எனக்கு அக்கா. பதினெட்டு வருடத்தில் நான் சூப்பர்வைசர் ஆனேன், அவர் அதே மேசையில் இருந்தார். அதில் அவருக்கு ஒரு துளி பொறாமை கிடையாது. அன்றிலிருந்து நாலு பேர் முன்னால் என்னை சார் என்பார், தனியாக இருந்தால் தம்பி. வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார். இரண்டு பெண்கள். மூத்தவள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள், அதில் அக்காவுக்கு அப்படி ஒரு பெருமை.

போன வருடம் லைனுக்கு அந்த மென்பொருள் வந்தது. வீண் வேலை, வீண் நடை, வீண் காத்திருப்பு எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஒழிக்கிற முறைக்கு லீன் என்று பெயர், அதற்கு உதவத்தான் இது என்று பயிற்சி கொடுக்க வந்தவர் சொன்னார். "லீன்னா ஒல்லியாமே. நம்மளைப் பட்டினி போடப் போறாங்களா சார்?" என்று டாக்டரம்மா கேட்க, பயிற்சி கொடுக்க வந்தவரே சிரித்துவிட்டார்.

விஷயம் இவ்வளவுதான். கடைசி மேசையைத் தாண்டும் மோட்டாரை ஒரு சின்னக் கண் எண்ணிக்கொண்டே இருக்கும். இரண்டு நிமிடத்துக்கு மேல் எதுவும் தாண்டவில்லை என்றால் லைன் ஓரத்தில் இருக்கும் திரை சிவப்பாகும். உடனே நான் காரணம் போட வேண்டும். இயந்திரம் என்று போட்டால் ஏன் என்று கேட்கும். பதில் சொன்னால் அதற்கு ஏன் என்று கேட்கும். இப்படி ஐந்து தடவை. படம் எடுத்து ஏற்ற வேண்டும், பராமரிப்புப் பிரிவுக்குத் தகவல் போகும், அவர்கள் வந்து சரிசெய்து முடிக்கிறவரை சிவப்பு அணையாது. நல்ல ஏற்பாடு. பழியை மென்பொருள் மேல் போட எனக்கும் ஆசைதான். முடியவில்லை, அது கேட்டதெல்லாம் நியாயமான கேள்வி.

எங்கள் லைனில் பேரிங்கை அழுத்திப் பொருத்தும் பிரஸ் ஒன்று உண்டு. காற்றழுத்தத்தில் ஓடுவது. ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது பாதியில் நின்று, ஐந்து நிமிடம் முக்கி முனகிவிட்டுத் திரும்ப ஓடும். முதல் இரண்டு வாரம் நேர்மையாக இயந்திரம் என்று போட்டேன். பராமரிப்பிலிருந்து ஆள் வருவதற்குள் அது தானாக ஓட ஆரம்பித்திருக்கும், சரி என்று முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு நாள் பராமரிப்புக்காரர் என்னைத் தேடி வந்தார். "ஏன்யா, எங்களை மாட்டிவிடுறதே உனக்குப் பொழப்பா?" என்றார். மேலாளர் கூப்பிட்டு, மற்ற லைனெல்லாம் பச்சையாக இருக்க என் லைன் மட்டும் ஏன் சிவந்து கிடக்கிறது என்று கேட்டார். இரண்டு பக்கமும் இடி.

அப்போதுதான் அந்தச் சந்து கண்ணில் பட்டது. காரணம் என்ற இடத்தில் 'ஆள்: கவனக்குறைவு' என்று தொட்டால் ஐந்து ஏன் கிடையாது. பணியாளர் எண்ணைக் கேட்கும். போட்டால் பச்சை. யார் எண்ணைப் போடுவது? நின்றது தெரிவது கடைசி மேசையில். அந்த மேசைக்காரரின் எண் எனக்கு மனப்பாடம். என் எண்ணுக்கு அடுத்த எண்.

முதல் தடவை போட்டபோது நெஞ்சு குறுகுறுத்தது உண்மை. ஒரு தடவைதானே என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டினேன். ஒரு வாரத்தில் குறுகுறுப்பு போய்விட்டது. ஒரு மாதத்தில் திரையைப் பார்க்காமலே விரல் போட்டது. பிரஸ் நிற்கும்போதெல்லாம் அக்கா கையைக் கட்டிக்கொண்டு, அடுத்த மோட்டார் எப்போது வரும் என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். பத்தடி தள்ளி நின்று அவரைக் கவனக்குறைவு என்று நான் எழுதிக்கொண்டிருப்பேன். என் எண்ணைப் போட்டிருக்கலாம். ஒரு தடவைகூடப் போடவில்லை.

ஒன்பது மாதம் ஓடியது. சிறந்த லைன் என்று என் படத்தை வரவேற்பறையில் மாட்டினார்கள். என் மனைவி அதைத் தன் தங்கைக்கு அனுப்பி, அவள் யார் யாருக்கோ அனுப்பினாள்.

பிறகு லைனில் ஏழு பேருக்குப் பதில் ஆறு பேர் போதும் என்று முடிவானது. யாரை எடுப்பது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மேலாளர் அறிக்கையைத் திறந்தார். 417, கவனக்குறைவால் வீணான நேரம், ஐம்பத்தாறு மணி. அடுத்த ஆளுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை.

"உங்க லைனு. நீங்க என்ன சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டார்.

சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். கதவும் சாத்தியிருந்தது.

"டேட்டா சொல்றது சரிதான் சார்" என்றேன்.

அக்காவை அட்டைப்பெட்டிக் கொட்டகைக்கு மாற்றினார்கள். பெட்டி மடிப்பதும் தூக்கி அடுக்குவதும்தான் அங்கே வேலை. போகிற அன்று சாப்பாட்டு அறையில் என்னைத் தேடி வந்தார். பக்கத்தில் யாரும் இல்லை, இருந்தும் சார் என்றார்.

"சார், எனக்குத் தெரியாமலே இப்படி ஆகிப்போச்சு. வேகமாத்தான் செய்றேன்னு நினைச்சேன். என்னால உங்களுக்கும் கெட்ட பேரு வந்திருக்கும். மனசுல வச்சுக்காதீங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "பரவாயில்லக்கா" என்றேன். பெருந்தன்மையாக, மன்னித்த மாதிரி. இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

அடுத்த வாரம் கடைசி மேசையில், மீதி ஆறு பேரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். காலை பத்து மணிக்குப் பிரஸ் நின்றது, திரை சிவந்தது. என் விரல் தன் பாட்டுக்குப் போய் 417 போட்டது.

'இந்தப் பணியாளர் இந்த லைனில் இல்லை' என்று வந்தது.

தப்பாகத் தொட்டுவிட்டேனோ என்று திரும்பவும் போட்டேன். திரும்பவும் அதையே சொன்னது. அந்தப் பெண் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். "சார், அது டாக்டரம்மா நம்பராச்சே. அவங்கதான் இல்லையே, நீங்க ஏன் அவங்க நம்பரைப் போடுறீங்க?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே கரைந்து போய்விடலாம் போல இருந்தது.

வேறு வழியில்லாமல் இயந்திரம் என்று போட்டேன். ஏன் நின்றது? அழுத்தம் குறைந்தது. ஏன் குறைந்தது? காற்று கசிகிறது. ஏன் கசிகிறது? குனிந்து கையை விட்டுப் பார்த்தேன். பிரஸ்ஸுக்குப் பின்னால் குழாய் சேருமிடத்தில் ஒரு ரப்பர் வளையம் வெடித்திருந்தது. நாலாவது ஏன் வரைக்கும்கூடப் போகவில்லை. பராமரிப்புக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வந்து பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டுப் போனார். அதன் பிறகு அந்தப் பிரஸ் நிற்கவே இல்லை. ஒரு ரப்பர் வளையம். ஒன்பது மாதத்துக்கு முன்னால் நான் குனிந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எழுதிக் கொடுங்க" என்றார். கொடுத்தேன். "உங்க மேல நடவடிக்கை வரும். அது வேற. ஆனா லைன் ஆறு பேருக்குன்னு மேல வரைக்கும் போயாச்சு. அந்தம்மாவைத் திரும்பக் கொண்டுவர்றது என் கையில இல்ல. கேட்டுப் பாக்குறேன்." கேட்டும் பார்த்தார். நடக்கவில்லை. என் படத்தை மட்டும் கழற்றினார்கள்.

மேலாளரிடம் சொன்ன அன்று மாலையே கொட்டகைக்குப் போனேன். அக்கா தரையில் பலகை போட்டு உட்கார்ந்து பெட்டி மடித்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அக்கா, அந்த அம்பத்தாறு மணி நேரம் உங்களோடது இல்ல. பிரஸ் நின்னதுக்கெல்லாம் நான்தான் உங்க நம்பரைப் போட்டேன்."

கை நின்றது. விரல்களை விரித்துப் பார்த்தார்.

"அப்போ என் கை நல்லாத்தான் இருக்கா?"

"நல்லாத்தான் இருக்குக்கா."

"காது?"

"காதும்தான்."

அவர் சிரித்தார். அறை வாங்கத் தயாராகப் போயிருந்தேன், சிரிப்புக்கு நான் தயாராக இல்லை. "நரம்பு டாக்டர்கிட்ட ரெண்டு தடவை போயிட்டு வந்தேன் தம்பி. உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மான்னு அவரு அடிச்சுச் சொல்றாரு, நான்தான் நம்பல" என்றார். ஒரு நோயிலிருந்து எழுந்தவர் முகம் மாதிரி இருந்தது. அந்த நோயைக் கொடுத்தவன் எதிரே நிற்கிறான் என்பது அவருக்கு உறைக்க அரை நிமிடம் ஆனது. உறைத்தபோது சிரிப்பு போய்விட்டது.

"ஏன்டா என் நம்பரு?"

பதினெட்டு வருடத்தில் முதல் தடவை டா போட்டார்.

"மனப்பாடமா இருந்துச்சுக்கா."

அதைவிடக் கேவலமான பதில் இருக்க முடியாது. ஆனால் அதுதான் உண்மை. அவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார், அதை ஒழுங்காக மடித்து முடித்து அடுக்கின் மேல் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. என் வீட்டுக்காரர்கிட்டயும் பொண்ணுங்ககிட்டயும் உன் வாயால சொல்லு."

"நீங்களே சொல்லிடலாமேக்கா" என்றேன். அப்போதும் புத்தி அப்படித்தான் போனது.

"நான் சொல்லாமலா இருந்தேன்? நான் சுணங்கவே இல்லடின்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாம்மான்னு பெரியவ கேட்டா. அதுக்கப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. வாயை மூடிக்கிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். வேன்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், பெண்கள் இரண்டு பேரும் சுவரோரம் நின்றார்கள். அக்கா நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. பெரியவளைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லலம்மா. நான் சொன்ன பொய்யை அது எழுதி வச்சுக்கிச்சு."

நடந்தது எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். வேன்காரர் தரையைப் பார்த்தார். பெரியவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு அழ ஆரம்பித்தாள்.