முப்பதாம் நாள் காதில் சொன்ன பெயர்

“ஏம்மா, இந்தப் பேர வச்சிக்கினு எம் புள்ள ஸ்கூலுக்குப் போவ முடியுமா?”

அண்ணன் முதலில் அப்படித்தான் கேட்டான். அவனுக்கு மகன் பிறந்து ஐந்து நாள். நான் கடலூரிலிருந்து விடுப்பு எடுத்து வந்து, குவார்ட்டர்ஸ் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் பெயரைச் சொல்லியிருந்தேன்.

பெயர் தேடச் சொன்னதே அவன்தான். அண்ணி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த வாரமே போன் செய்தான். “பையனோ பொண்ணோ, பேரு நீதாம்மா தேடணும். அத்தகாரி நீ. வூட்ல படிச்சவளும் நீ ஒருத்திதான்” என்றான். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அண்ணன் ஒன்பதோடு நின்று, மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய் என்னைக் கல்லூரி வரை அனுப்பினான்.

நான் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பழைய பத்திரங்களை வாசிக்கிறேன். யாரிடமிருந்து யாருக்கு நிலம் வந்தது என்று வரிசைப்படுத்தி எழுதிக் கொடுப்பது என் வேலை. அதனால் பெயர் தேட வேண்டும் என்றதும் நான் போனை எடுக்கவில்லை. அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போன காலத்துக் காகிதங்கள் அதில் இருந்தன. அவற்றுக்கு அடியில், நான்காக மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்த ஒரு கிரயப் பத்திரம். அதில் நிலத்தை வாங்கியவர் என் தாத்தாவுக்குத் தாத்தா. அப்பாவுக்கே அவர் பெயர் தெரியாது.

அந்தப் பெயரை இங்கே நான் எழுதவில்லை. எழுதினால் நாங்கள் எந்த வீடு என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்துவிடும். அவ்வளவு அரிதான பெயர். அர்த்தத்தை மட்டும் சொல்கிறேன்: ஏரியைக் காத்து நிற்பவன். எங்கள் பழைய ஊரின் ஏரிக்கரையில் அதே பெயரில் ஒரு காவல் சாமி இருந்ததாம். கரை உடையும் மழையில் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சாமியின் பெயரை வைப்பார்களாம். இதை எனக்குச் சொன்னவர், பழைய ஊர்க்காரரான ஒரு ஓய்வுபெற்ற டிரைவர். அவருக்குத் தெரிந்து அந்தப் பெயரில் மூன்று பேர் இருந்தார்களாம். மூவரும் இப்போது இல்லை. வாக்காளர் பட்டியல்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். பண்ருட்டிப் பக்கம் ஒரே ஒருவர், எண்பது தாண்டியவர். அதற்கடுத்து வந்த பட்டியலில் அவரும் இல்லை.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

“ஏரியே மைன்ஸுக்குள்ள போயிடுச்சி. இவன் எங்கம்மா போயி காக்கறது?”

“அதுக்காகத்தாண்ணா. அந்த ஏரி இருந்துச்சின்னு சொல்ல வேற என்னா இருக்குது நம்ம கையில?”

அவன் குழந்தையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். “சரி. படிச்ச பொண்ணு, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றான்.

அந்த வாக்கியத்தை நான் பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பண்ருட்டியில் ஒரு வெள்ளிக் கடையில், குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை ஒன்று வாங்கினேன். அதில் பெயரை வெட்டித் தரச் சொன்னபோது, வெட்டுகிறவர் என் சீட்டைக் கண்ணுக்கு அருகே பிடித்துக்கொண்டு, “ஆம்பளப் புள்ளைக்கா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “இப்பிடி ஒரு பேர நான் வெட்டுனதே இல்லமா” என்றார். எனக்கு அதுவும் பாராட்டாகவே கேட்டது.

எங்கள் பக்கத்தில் முப்பதாம் நாள்தான் பெயர் வைப்பது. அத்தை மடியில் குழந்தையைக் கிடத்தி, காதோடு வாயை வைத்து மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். நான் சொன்னேன். பக்கத்து பிளாக்குகளிலிருந்து வந்தவர்கள் கைதட்டினார்கள். அம்மா சர்க்கரைத் தண்ணீரை என் கையில் கொடுத்தாள். பாலாடையில் ஊற்றிப் புகட்டினேன். அண்ணன் செல்போனில் படம் எடுத்தான். “இன்னொரு தடவ குனிம்மா, மூஞ்சி தெரியல” என்றான். நான் மறுபடி குனிந்து, நான்காவது முறையாகவும் சொன்னேன்.

அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்துபோவேன். வீட்டில் எல்லாரும் அவனைக் குட்டி என்றார்கள். எந்த வீட்டில்தான் குழந்தையை முழுப் பெயரில் கூப்பிடுகிறார்கள்? நான் மட்டும் கூப்பிடுவேன். ஏழாம் மாதத்தில் அவன் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினான்.

ஒன்பதாம் மாதத்து ஊசிக்கு அண்ணியால் போக முடியவில்லை. காய்ச்சலில் படுத்திருந்தாள். “நான் தூக்கினு போறேன் அண்ணி” என்றேன். அம்மா ஏதோ சொல்ல வந்தாள். பிறகு பையை எடுத்துக் கொடுத்தாள். தடுப்பூசி அட்டை அதற்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தது. உறையோடு அப்படியே ஆஸ்பத்திரி மேசையில் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். ஒரு பெயருக்கு மட்டும் யாரும் எழவில்லை. இப்போது எல்லா வகுப்பிலும் நான்கு பேருக்கு இருக்கிற மாதிரியான பெயர், கடைசியில் ‘ஷ்’. இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். யாரோ ஒரு கவனமில்லாத அம்மா என்று நினைத்துக்கொண்டு நானும் சுற்றிப் பார்த்தேன். பெஞ்ச் காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் நர்ஸ் எழுந்து வந்து என் முன்னால் நின்றார்.

“ஏங்க, எவ்ளோ நேரமா கத்தறது? உங்க புள்ள பேரு உங்களுக்கே தெரியாதா?”

“இவன் பேரு அது இல்லீங்க.”

“அட்ட நீங்கதான குடுத்தீங்க?”

அட்டையை நீட்டினார். அண்ணன் பெயர், அண்ணி பெயர், பிறந்த நாள், எல்லாம் சரி. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் அந்த ‘ஷ்’ பெயர். உறைக்குள் மடித்து வைத்திருந்த பிறப்புச் சான்றிதழிலும் அதே பெயர். தேதி பார்ப்பது என் தொழில், பார்த்தேன். குழந்தை பிறந்த பதினான்காம் நாள் பதிவு செய்திருக்கிறார்கள். நான் காதில் சொன்னது முப்பதாம் நாள்.

“அம்மா வரலியா? நீங்க யாரு?” என்று நர்ஸ் கேட்டார்.

“அத்தை” என்றேன்.

ஊசி போட்டார்கள். அவன் கத்தினான். தேற்றுவதற்கு என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் முதுகை மட்டும் தடவிக்கொண்டிருந்தேன்.

காலை ஷிஃப்ட் முடிந்து அண்ணன் மூன்று மணிக்கு வந்தான். குழாயடியில் கைகழுவிக்கொண்டிருந்தவனிடம் சான்றிதழை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டானே தவிர, அதை வாங்கவில்லை.

“ஏண்ணா சொல்லல?”

“சொன்னா வுடுவியா நீ? சட்டம் பேசுவ.”

“அப்ப எதுக்கு என்ன உக்கார வச்சி காதுல சொல்லச் சொன்ன?”

“நீ ஆசப்பட்ட. அத்தகாரி சொல்றது மொற. காதுல சொன்னது வூட்டுக்கு. ஆபீஸ்ல எழுதுனது ஊருக்கு. இதுல என்னா இருக்குது?”

“போட்டோ எடுக்க நாலாவது தடவ சொல்ல வச்சியே.”

அவன் துண்டைக் கொடியில் போட்டான். பிறகு குரலை உயர்த்தாமல் பேசினான். “பெர்மனென்ட் ஆவறதுக்கு முன்னாடி பதினோரு வருசம் என்ன யாரும் பேரச் சொல்லிக் கூப்புட்டதில்ல. ‘ஏய் கான்ட்ராக்ட்டு’ம்பான். எம் புள்ள பேரச் சொன்னா ஒருத்தனும் இன்னொரு தடவ கேக்கக் கூடாது. சிரிக்கக் கூடாது. அவ்ளோதாம்மா.”

அவன் சொன்னது பொய்யில்லை. அந்தப் பதினோரு வருடத்தில்தான் நான் படித்தேன். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், தோற்றும் போயிருப்பேன். பிள்ளை அவனுடையது. ஆனால் அவன் என்னோடு சண்டை போடவில்லை. தலையாட்டினான். அழுகிற குழந்தையிடம் எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக்கொத்தைக் கொடுப்பதுபோல அந்தச் சடங்கை என் கையில் கொடுத்துவிட்டு, வேலையை வேறு பக்கம் முடித்துக்கொண்டான்.

அம்மாவிடம் கேட்டேன். “உனக்குத் தெரியுமா?”

“அவன்தான் சொல்ல வேணாம்னான். நீ வருத்தப்படுவியாம்” என்று சொல்லி அரிசியைக் களையப் போனாள். அண்ணி போர்வைக்குள்ளிருந்து எழவே இல்லை. அப்பா மட்டும் எட்டிப் பார்த்து, “ரெண்டும் நல்ல பேருதானம்மா” என்றார். கைதட்டிய கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது குழந்தை தரையில் உட்கார்ந்து பாலாடையைத் தட்டிக்கொண்டிருந்தான். பழக்கத்தில் பெயரைச் சொல்லிவிட்டேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அதுதான் கடைசி. அதன்பிறகு நானும் அவனைக் குட்டி என்றுதான் கூப்பிடுகிறேன். இரண்டு பெயருக்கும் நடுவே அவனை இழுத்துக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. முன்பு மாதத்தில் இரண்டு முறை போய்க்கொண்டிருந்தேன். இப்போது ஒருமுறை போகிறேன். அண்ணன் டீ வாங்கி வந்து கொடுப்பான். குடிப்பேன். பேரைப் பற்றி அவனும் பேசுவதில்லை.

பத்திரத்தை மட்டும் அப்பாவிடம் கேட்டு என்னோடு எடுத்து வந்துவிட்டேன். அதில் அந்தப் பெயர் பத்திரம் எழுதியவரின் கையெழுத்தில் இருக்கிறது. பக்கத்தில் ஓர் இடது பெருவிரல் ரேகை, கறுத்து, ஓரத்தில் வழுக்கிய மாதிரி. அந்தப் பெயருக்கு உரியவர் ஒருநாளும் அதை எழுதியிருக்க மாட்டார்.

எங்கள் அலுவலகத்து வழக்கறிஞர் மேடம், என் பெயரை மாற்ற நான் நிரப்பிய படிவத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “ஆம்பளப் பேரும்மா இது. பேங்க், ஆதார், சர்ட்டிஃபிகேட்னு எல்லாத்துக்கும் அலையணும். யோசிச்சியா?”

“அப்பா பேரும் ஆம்பளப் பேருதான் மேடம். அது இனிஷியலா எம் பேருக்கு முன்னால நிக்கல? இதையும் சேத்துக்கறேன். யோசிச்சிட்டேன்.”

போன திங்கட்கிழமை அரசிதழுக்கான படிவத்தை அனுப்பிவிட்டேன். அப்பாவின் தலைப்பெழுத்துக்கும் என் பெயருக்கும் நடுவில் அந்தப் பெயர், சுருக்காமல் முழுதாக. கடைசிப் பக்கத்தில் பழைய கையெழுத்து, புதிய கையெழுத்து என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டாவதில் இடம் போதாமல் கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போனது. திருத்தாமல் அப்படியே உறையில் போட்டு ஒட்டினேன்.