கும்பிடு பாலம்

“குனிங்க, குனிங்க, தலை வேணுங்கிறவங்க குனிங்க” என்று சுற்றுலாப் படகோட்டி நோர்பெர்ட் முதலில் தன் ஊர்ப் பேச்சில் சொல்வார். பிறகு பிரெஞ்சில், ஆங்கிலத்தில், ஜெர்மனில். இந்த நாலும் புரியாதவர்களுக்குத் தானே முதுகை வளைத்துக் காட்டுவார். படகில் இருக்கும் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே முழங்காலில் நெற்றி படக் குனிவார்கள். பாலத்தின் ஈரக் கற்கள் தலைமுடிக்கு ஒரு சாண் மேலே நகரும். ப்ரூஜ் நகரத்துக் கால்வாய்களில் இதைவிடத் தாழ்வான பாலம் கிடையாது. படகோட்டிகள் அதற்கு வைத்த பெயர் கும்பிடு பாலம்.

நோர்பெர்ட்டுக்கு அறுபது தாண்டிவிட்டது. நங்கூரம் பொறித்த நீலத் தொப்பி இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. கடலுக்குப் போனால் வாந்தி எடுத்துவிடுவார் என்பது வேறு விஷயம். கால்வாயில் வழிவிடாமல் மிதக்கும் ஒரு கொழுத்த அன்னத்துக்கு ‘மேயர்’ என்று பெயர் வைத்து, தினமும் அதனோடு சண்டை போடுவார். படகில் டச்சுக்காரர்கள் இருந்தால் அவர்களுடைய கஞ்சத்தனத்தைப் பற்றி ஒரு நகைச்சுவை, பாரிஸ்காரர்கள் இருந்தால் அவர்கள் பொரிக்கும் உருளைக்கிழங்கைப் பற்றி இன்னொன்று. மத்தியானம் துறையில் நின்றபடியே மயோனைஸ் தோய்த்த உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றுவிட்டு, விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, அடுத்த சவாரிக்குப் போய்விடுவார்.

கும்பிடு பாலத்தைத் தாண்டி ஒரு வளைவு. வளைவு திரும்பினால், தண்ணீரிலிருந்தே எழும்பி நிற்கும் பழைய செங்கல் வீடு ஒன்று. இப்போது அது சிறிய ஓட்டல். அங்கே வந்ததும் என்ஜினைத் தணித்து, கொக்கிக் கம்பை நீட்டி, பச்சைச் சட்டமிட்ட ஒரு சின்ன ஜன்னலைக் காட்டுவார்.

“அந்த ஜன்னலப் பாருங்க. எங்க மாமியார் அங்கருந்துதான் உருளைக்கிழங்குத் தோலை என் தலைல கொட்டுனாங்க. திட்டலாம்னு அண்ணாந்து பாத்தேன். பக்கத்துல பொண்ணு நின்னுச்சு. அன்னிக்கு மாட்டுனவன்தான்.”

கதை முக்கால்வாசி உண்மை. அந்தப் பெண்தான் அவர் மனைவி ரோசெட். அவள் பிறந்தது அந்த வீட்டில். சின்ன வயதில் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, போகிற படகுகளுக்கெல்லாம் கையாட்டியவள். வார இறுதிக்கு வந்துபோன ஜப்பான்காரர், பிரேசில்காரர் எல்லாரும் அந்த ஜன்னலைப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். தண்ணீரிலிருந்து அதைப் பார்க்காதவள் ரோசெட் ஒருத்திதான்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ப்ரூஜில் பிறந்தவர்கள் சுற்றுலாப் படகில் ஏறமாட்டார்கள். சட்டமில்லை, மானப் பிரச்சினை. சனிக்கிழமை காலையில் சந்தைக்குப் போய்வந்து கதவைச் சாத்தினால், கூட்டம் ரயிலேறும்வரை ஊர்க்காரர்கள் முக்கிய வீதிப் பக்கம் தலைகாட்டுவதில்லை. ஒருமுறை ஒரு படகோட்டி தன் மனைவியை ஆசையாக ஏற்றிக்கொண்டு போனான். அடுத்த படகை ஓட்டும் ஓமேர் அந்தச் சீசன் முழுக்க அந்த அம்மாளை எங்கே கண்டாலும், ஓட்டல் வசதியாக இருக்கிறதா, எப்போது ஊருக்குத் திரும்புகிறீர்கள் என்று விசாரித்துக்கொண்டே இருந்தான். ஓமேரின் வாய்க்கு நோர்பெர்ட் பயந்தார்.

ஆனால் ரோசெட் கேட்பதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் படகுகள் தண்ணீரில் இறங்கியதும் ஒருமுறை கேட்பாள். கூட்டமா இருக்கு, சீசன் முடியட்டும் என்பார். குளிர்காலம் வந்ததும் மறுபடி கேட்பாள். படகுதான் கரையேறிடுச்சே, வர்ற வருஷம் பாக்கலாம் என்பார். இரண்டு பதிலையும் மாற்றி மாற்றிச் சொல்லியே முப்பது வருடத்தை ஓட்டிவிட்டார். அவள் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் ஒருவேளை காரியம் நடந்திருக்கும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறார்.

இரண்டு வருடத்துக்கு முன் மழையில், கருங்கல் பாவிய தெருவில், ரோசெட்டின் சைக்கிள் வழுக்கியது. கழுத்திலிருந்து இடுப்புவரை எலும்பில் தகடும் திருகாணியும் வைத்துத் தைத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. கழுத்தும் முதுகும் மட்டும் இனி வளையாது என்றார்கள். நேராகப் பார்க்கலாம், நடக்கலாம். செருப்பு மாட்டுவதற்கும் தரையில் விழுந்த கரண்டியை எடுப்பதற்கும் நோர்பெர்ட் வேண்டும்.

அடுத்த வசந்தத்தில் அவள் கேட்கவில்லை. கேட்காதது அவரைக் குடைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சூடான உருண்டை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே அவராகச் சொன்னார்.

“இன்னிக்கு வா, ரோசெட். முதல் சவாரி. ஓமேர் என்ன வேணா சொல்லிட்டுப் போறான்.”

அவள் எழுந்துபோய்ச் சிவப்பு மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்தாள். முன்வரிசையின் நடு இருக்கையைக் கைக்குட்டையால் துடைத்து, எல்லாருக்கும் முன்னால் அவளை உட்கார வைத்தார். துறையில் ஓமேர் தொப்பியைத் தூக்கி, மேடம் எந்த ஊர் என்று பிரெஞ்சில் கேட்டான். இந்த ஊர்தான், ஆனா இப்பத்தான் வந்து சேர்ந்தேன் என்றாள். ஓமேரே சிரித்துவிட்டான்.

நல்ல வெயில். நோர்பெர்ட்டுக்கு அன்றைக்குப் போல் என்றைக்கும் பேச்சு வந்ததில்லை. மேயரோடு சண்டை, டச்சுக்காரர், பாரிஸ்காரர், எல்லாம் பிரமாதம். ரோசெட்டின் தோள் சிரிப்பில் குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது. முப்பது வருடம் வெளியூராருக்கெல்லாம் சொன்னதை இவளுக்குச் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டார். கும்பிடு பாலம் வந்தது. “குனிங்க, குனிங்க” என்று நாலு மொழியிலும் உற்சாகமாகக் கத்தினார். எல்லாரும் குனிந்தார்கள். முன்வரிசையில் ஒரு வெள்ளைத் தலை மட்டும் நட்டமாக நின்றது.

என்ஜினைப் பின்னுக்குத் தள்ளியதில் படகு அலறியது. பாலத்தின் வாய்க்கு ஒரு முழம் முன்னால் நின்றது. குனிந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து திருதிருவென்று விழித்தார்கள். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை குனி குனி என்று கத்துகிற மனிதருக்கு, காலையில் மனைவிக்குச் செருப்பு மாட்டிவிட்டபோதுகூட அவளால் குனிய முடியாது என்பது உறைக்கவில்லை.

பின்னால் வந்த ஓமேர் தன் படகைப் பக்கத்தில் அணைத்தான். கிண்டல் எதுவும் சொல்லவில்லை. இருக்கைகளில் படுக்க வைக்கலாம், நான் பிடித்துக்கொள்கிறேன் என்றான்.

ரோசெட் தலையைத் திருப்ப முடியாமல், பாலத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

“பொணம் மாதிரிப் படுத்துக்கிட்டு எங்க வீட்டுக்குப் போகணுமா? வேணாம், நோர்பெர்ட்.”

“உனக்கு இந்தப் பாலம் தெரியும்ல. முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

“கூப்பிட்டவன் நீ. ஏதாச்சும் யோசிச்சு வெச்சிருப்பியோன்னு நெனச்சேன்.”

அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனி துளியும் இல்லை. அதுதான் அவரை அடித்தது. பாலத்தின் இப்பக்கம் ஒரு கல்படி உண்டு; அப்பக்கம் வீட்டுச் சுவர்கள் தண்ணீரிலிருந்தே எழும்புவதால் படகேற ஒரு படியும் கிடையாது, வேறு பாதையும் இல்லை. அங்கே அவளை இறக்கிவிட்டார். மற்றவர்கள் காசு கொடுத்து வந்தவர்கள், அவர்களைக் கொண்டுபோகத்தான் வேண்டும். பாலத்தைத் தாண்டி, வளைவு திரும்பி, பச்சை ஜன்னலுக்குக் கீழே வந்தபோது கொக்கிக் கம்பை நீட்டினார். வாயில் மாமியாரும் வரவில்லை, உருளைக்கிழங்கும் வரவில்லை. “இது ஒரு ஜன்னல்” என்று நாலு மொழியிலும் சொன்னார்.

பிறகு கைப்பேசியில் அதைப் படமெடுத்துக் கொண்டுபோய்க் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு, கடையில தபாலட்டையாவே விக்கிறாங்க என்று திருப்பிக் கொடுத்தாள்.

இந்த வருடமும் சீசன் நடக்கிறது. நோர்பெர்ட் அதே நகைச்சுவைகளைச் சொல்கிறார், மேயரோடு சண்டை போடுகிறார். சனிக்கிழமைகளில் சந்தை முடிந்ததும் ரோசெட் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்துவதில்லை. சிவப்பு மேலங்கியோடு கும்பிடு பாலத்தின் மேல், வளைவைப் பார்த்தபடி, கைப்பிடிச் சுவரோரம் நிற்கிறாள். கூட்டம் அவளைச் சுற்றி நின்று தண்ணீரை எட்டிப் பார்க்கிறது. அவளால் எட்டிப் பார்க்க முடியாது. படகு தன் காலடியில் நுழைவதும் வெளியேறுவதும் சத்தமாக மட்டுமே அவளுக்குத் தெரியும்.

படகு பாலத்தைவிட்டு வெளியே வந்ததும் நோர்பெர்ட் நிமிர்ந்து நின்று, நீலத் தொப்பியைக் கழற்றிக் கொக்கிக் கம்பின் நுனியில் மாட்டுகிறார். ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கம்பை மேலே, இன்னும் மேலே, அவள் கண்மட்டத்துக்கு உயர்த்துகிறார். பயணிகள் இதுவும் வேடிக்கையில் சேர்த்தி என்று கைதட்டுகிறார்கள். மேலே அவள், ஜன்னலில் நின்ற சிறுமியைப் போலக் கையாட்டுகிறாள். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. பாலம் மறையும்வரை தொப்பியைக் கீழே இறக்குவதுமில்லை.